மூளைச்சாவு எபிசோட்: நேரக் கணக்கு இடிக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்

கொண்டைஊசி_20

சேலத்தில் நடக்கும் மெடிக்கல் டிராமா, ஏழாவது எபிசோட், 45 நிமிடம். ஷூட்டிங்குக்கு முன்னால் தப்பு பிடிக்க வேண்டும். முழு ஸ்கிரிப்ட் இணைப்பில். சுருக்கம்:

ஆடி மாதம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் 42 வயதுக்காரர் ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது விழுகிறார். ஹெல்மெட் இல்லை, தலையில் அடி. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூ. மூன்றாம் நாள் வெள்ளி இரவு மூளைச்சாவு. மானிட்டரில் கோடு நேராகிறது, ஷாக் கொடுக்கிறார்கள், பலனில்லை, டாக்டர் நேரம் சொல்கிறார். வெளியே முழு நிலா. ஏற்காட்டில் காப்பிப் பூ உதிர்கிறது. மனைவி உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். பதினாறாம் நாள் கருமாதி. ஒரு வருடம் கழித்து, இதயம் பெற்றவரின் நெஞ்சில் மனைவி காதை வைத்துக் கேட்கிறார். இன்னொரு இழை: அந்த டாக்டர் பெண் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஏற்காடு போகிறார்.

கருமாதி தேதியைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் இடிக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

ஐசியூ_நைட்டூட்டி

தேதி இருக்கட்டும். முதலில் அந்த நேர்கோட்டை எடுங்கள்.

மூளைச்சாவில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். மானிட்டரில் பச்சைக் கோடு ஓடும், பிரஷர் காட்டும், ஆக்சிஜன் 98 காட்டும், உடம்பு சூடாக இருக்கும். மனைவி கண்ணுக்குத் தெரிவது இதுதான். "இறந்துட்டார்" என்று டாக்டர் சொல்லும்போது பக்கத்தில் மெஷின் துடிப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த எபிசோடின் துக்கமே அதில்தான். கோட்டை நேராக்கினால் ஆயிரம் சீரியலில் வந்த சாவு ஆகிவிடும்.

நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பது தனித் தப்பு. இதயம் தாறுமாறாக அதிரும்போதுதான் ஷாக். கோடு நேராகிவிட்டால் நெஞ்சை அழுத்துவது, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். கூடவே அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. உங்கள் கதையில் இரண்டுமே தேவையில்லை.

நடக்க வேண்டியது இது. சோதனைக்கு முன்னால் மயக்க மருந்து, தூக்க மருந்தின் வேகம் உடம்பில் இல்லை என்று உறுதி செய்வார்கள். உடம்பு குளிர்ந்திருக்கக் கூடாது. உப்பு, சர்க்கரை அளவு கண்டபடி இருக்கக் கூடாது. பிறகு மூளைத்தண்டு அனிச்சைகள்: கண்மணியில் டார்ச், கருவிழியில் பஞ்சு நுனி, தலையை இருபுறமும் திருப்பும்போது கண் நகர்கிறதா, காதுக்குள் ஐஸ் தண்ணீர் சுமார் 50 மில்லி ஊற்றினால் கண் அசைகிறதா, தொண்டையில் உறிஞ்சு குழாய் விட்டால் இருமல் வருகிறதா. ஐஸ் தண்ணீருக்குத் தலைப் பக்கத்தை 30 டிகிரி தூக்கி வைப்பார்கள். ஒரு காது முடிந்து மறு காதுக்கு 5 நிமிடம் இடைவெளி.

கடைசியில் மூச்சுச் சோதனை. 10 நிமிடம் நூறு சதவீத ஆக்சிஜன், ரத்த வாயுவுக்கு ஒரு மாதிரி, பிறகு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, மூச்சுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய் வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் மட்டும். சட்டையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்பது, 8 முதல் 10 நிமிடம். மறுபடியும் ரத்த வாயு. கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தொட்டிருந்தும், அல்லது ஆரம்ப அளவைவிட 20 ஏறியிருந்தும், ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை என்றால் சோதனை உறுதி. நடுவில் பிரஷர் 90க்குக் கீழே போனாலோ ஆக்சிஜன் சரிந்தாலோ நிறுத்திவிட்டு மறுபடி மாட்ட வேண்டும்.

இது மொத்தமும் இரண்டு தடவை. நடுவில் குறைந்தது 6 மணி நேரம்.

ஒரே டாக்டர் சொல்லிவிட முடியாது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு பேர்: ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டர், அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை டாக்டர், சிகிச்சை கொடுத்த டாக்டர். நரம்பியல் ஆள் கிடைக்காத ஊரில் பட்டியலில் உள்ள மயக்கவியல் அல்லது தீவிர சிகிச்சை டாக்டர் போன்றவர்கள் வரலாம் என்று 2011 திருத்தம் சொல்கிறது. உறுப்பு பொருத்தும் குழுவிலிருந்து யாரும் இதில் இருக்கக் கூடாது. உங்கள் ஸ்கிரிப்டில் அந்த டாக்டர் பெண்ணே எல்லாம் செய்கிறார்.

ஒலிப்பெட்டி

வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால் 4 நொடிக்குக் கொஞ்சம் கூட ஒரு சத்தம். எபிசோடின் முதல் காட்சியிலிருந்து அடியில் ஓடவிடுங்கள். மூச்சுச் சோதனையில் மட்டும் நிறுத்துங்கள். பின்னணி இசை கிடையாது, ஒரு முழு நிமிடம். வேறெங்கும் அந்தச் சத்தம் நிற்கக் கூடாது.

படுக்கையில் நடிப்பவருக்கு: நெஞ்சு மெஷினோடு சேர்ந்து ஏற வேண்டும். சும்மா மூச்சு விட்டால் ஐசியூவில் வேலை பார்த்த யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வாயில் குழாய் இருக்க வேண்டும், ஆக்சிஜன் மாஸ்க் கூடாது.

ஐசியூ_நைட்டூட்டி

சரி. குழாயை ஆண்களுக்கு உதட்டு ஓரத்தில் 22, 23 சென்டிமீட்டர் குறியில் பிளாஸ்டரால் ஒட்டியிருப்பார்கள். கண் காயாமல் இருக்க இமை மேல் டேப்.

ஒன்று விட்டுப்போயிற்று. சோதனையின் போதோ பிறகோ கை தானாகத் தூக்கலாம், சில சமயம் நெஞ்சுக்கு மேலே குறுக்கே வரலாம். அது தண்டுவட அனிச்சை, மூளைக்குச் சம்பந்தமில்லை. முன்னாலேயே சொல்லி வைக்காவிட்டால் குடும்பம் "கையை அசைச்சார், நீங்கதான் சாகடிச்சீங்க" என்று நிற்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காட்சி எழுத நல்ல இடம்.

பஞ்சாங்கப்_பக்கம்

கருமாதி இடிப்பதற்கு விடை மேலேயே இருக்கிறது: இரண்டு சோதனை, நடுவில் ஆறு மணி நேரம்.

முதல் சோதனை வெள்ளி இரவு 9:10க்கு முடிகிறது என்று வையுங்கள். இரண்டாவது விடியற்காலை 3:40. ஆஸ்பத்திரி எந்த நேரத்தை எழுதும்?

ஐசியூ_நைட்டூட்டி

இரண்டாவது. 3:40, சனிக்கிழமை. சட்டப்படி அதுதான் இறந்த நேரம். இதயம் நிற்பது அதற்கெல்லாம் பிறகு, ஆபரேஷன் தியேட்டரில்.

பஞ்சாங்கப்_பக்கம்

அப்படியென்றால் கணக்கைப் பாருங்கள்.

நம் வீட்டுக் கணக்கில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். 3:40 இன்னும் வெள்ளிக்கிழமைதான். சர்டிபிகேட்டில் சனி. வெள்ளியை முதல் நாளாக எண்ணினால் பதினாறாம் நாள் சனிக்கிழமை விழும். சனியை முதலாக வைத்தால் ஞாயிறு. எடுத்த நாளிலிருந்து எண்ணும் குடும்பமும் உண்டு, அது இன்னும் தள்ளும். உங்கள் ஒரு நாள் இடிப்பது இங்கேதான்.

கதைக்கு இதைவிட நல்ல சரக்கு திதியில் இருக்கிறது. கதை ஆடி 11 வாக்கில், அமாவாசையை ஒட்டி நடக்கிறது என்று வையுங்கள். சதுர்த்தசி இரவு 1:50க்கு முடிந்து அமாவாசை தொடங்குகிறது. முதல் சோதனை சதுர்த்தசி, இரண்டாவது அமாவாசை. வருடா வருடம் திதி கொடுக்க வேண்டிய நாள், எந்தச் சோதனையை "போன நேரம்" என்று வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து மாறிவிடும்.

அடுத்தது நட்சத்திரம். ஆடி 11ல் சூரியன் கடகத்தில் ஏறக்குறைய 10 பாகையில். அமாவாசைத் திதி தொடங்கும் போது சந்திரன் 12 பாகை பின்னால், மிதுனத்தின் கடைசியில், அதாவது புனர்பூசம். அங்கிருந்து புனர்பூசம் முடிய இன்னும் 5 பாகைக்குமேல் போக வேண்டும், ஒன்பது பத்து மணி நேரம். ஆகவே 3:40க்கு புனர்பூசம், சனி மதியத்துக்கு மேல் பூசம். புனர்பூசத்தில் இறந்தால் பஞ்சாங்கப்படி இரண்டு மாதம் அடைப்பு, அதாவது வீட்டில் ஒரு அறையை மூடி வைப்பது. பூசத்துக்கு அடைப்பே கிடையாது. தியேட்டரில் இதயம் நிற்கும் நேரம் சனி இரவு என்றால் அது பூசம்.

சட்டம் சொல்லும் நேரத்தை ஏற்றுக்கொண்டால் வீட்டில் அறையைப் பூட்ட வேண்டும். இதயம் நின்ற நேரத்தை எடுத்தால் வேண்டாம். பெரியவர் டாக்டரிடம் வந்து "உசுரு எப்பம்மா போச்சு, சரியாச் சொல்லு" என்று கேட்பதற்கு முழுக் காரணம் கிடைத்துவிட்டது. அவரை மூடநம்பிக்கைக் கிழவனாக எழுதாதீர்கள். அவர் கேட்பது சரியான கேள்வி.

வாக்கியக் கணக்கில் வரும் பாம்புப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில மணி நேரம் வித்தியாசப்படும். பெரியவர் கையில் எது இருக்கிறது என்று முடிவு செய்து, கடைசி வரை அதையே காட்டுங்கள்.

அம்மாப்பேட்டை_அறிவு

அமாவாசை என்றால் முழு நிலா ஷாட் காலி. 😀

பஞ்சாங்கப்_பக்கம்

காலி.

இன்னொன்று. "சனிப் பொணம் தனிப் போகாது." சர்டிபிகேட் சனி என்று சொன்னவுடன் பாடையில் கோழிக்குஞ்சு கட்டணுமா என்று யாராவது கேட்பார்கள். வீட்டுக் கணக்கில் வெள்ளி. எடுப்பது ஞாயிறு. சாவு வீட்டில் இந்த வாக்குவாதம் அரை மணி நேரம் நடக்கும், அழுதுகொண்டிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலந்துகொள்வார்கள். அதை எழுதுங்கள்.

கொண்டைஊசி_20

இது என் கையில் இருந்ததைவிடப் பல மடங்கு நல்ல கதை. ஒரு சந்தேகம்: ஆஸ்பத்திரியில் செத்தாலும் அடைப்பு உண்டா?

பஞ்சாங்கப்_பக்கம்

குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வீட்டில் உயிர் போனால்தான் அறை மூடணும் என்பவர்கள் உண்டு, எங்கே போனாலும் வீட்டுக்கு உண்டு என்பவர்களும் உண்டு. உங்கள் கதையில் இரண்டு பங்காளிகள் இரண்டு பக்கம் நிற்கட்டும்.

கோட்டை_வீதி

ஆடி என்கிறீர்கள், சேலம் என்கிறீர்கள், கோட்டை மாரியம்மனே ஸ்கிரிப்டில் இல்லையே. ஆடி நடுவில் ஊர் முழுக்கப் பண்டிகை. தெருவுக்குத் தெரு மாரியம்மன் கோயில், குழாய் ஸ்பீக்கர். ஆஸ்பத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் பாட்டு உள்ளே வரும்.

காப்புக் கட்டியவர்கள் சாவு வீட்டுக்குப் போக மாட்டார்கள். இறந்தவரின் தம்பி கையில் காப்பு இருந்தால்? வெள்ளி இரவு ஐசியூ வாசலில் நிற்கிறான், அண்ணனுக்கு இன்னும் நாடி அடிக்கிறது. 3:40க்கு மேல் அது சாவா இல்லையா? உள்ளே போய்ப் பார்க்கலாமா? மேலே பெரியவர் கேட்ட அதே கேள்வி, இங்கே மஞ்சள் கயிறாக ஒருவன் மணிக்கட்டில் இருக்கிறது. வசனமே வேண்டாம், அவன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டால் போதும்.

அம்மாப்பேட்டை_அறிவு

நல்ல யோசனை, ஆனால் தம்பியும் பெரியவரும் ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தால் 45 நிமிடம் தாங்காது. யாராவது ஒருவர் பேசணும், மற்றவர் பேசாமல் நிற்கணும். என் ஓட்டு: பெரியவர் பேசட்டும்.

ஐசியூ_நைட்டூட்டி

சம்மதக் காட்சிக்கு வருகிறேன். இப்போது சிகிச்சை டாக்டரே கேட்கிறார், அதுவும் சாவுச் செய்தி சொன்ன அதே மூச்சில். கூடாது. முதலில் செய்தி, அது உள்ளே இறங்க நேரம், பிறகு உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் தனியாக வந்து கேட்பார். குடும்பம் "வேண்டாம்" என்றால் அங்கேயே முடிந்தது, வற்புறுத்தல் கிடையாது.

டாக்டர் வசனத்தில் "மூளை செத்துடுச்சு, ஆனா உயிர் இருக்கு" என்று ஒரு வரி இருக்கிறது. அடித்துவிடுங்கள். அந்த வரியைக் கேட்ட மனைவி எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? "இறந்துட்டார். இந்த மெஷின்தான் மூச்சைத் தள்ளுது. அதனால இதயம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்" என்று இருக்கட்டும்.

கையெழுத்து இரண்டாவது சோதனைக்குப் பிறகு என்று வையுங்கள். படிவம் 8. நான்கு டாக்டர் கையெழுத்திடுவது படிவம் 10. ப்ராப் ஆட்கள் இரண்டையும் மாற்றி வைத்துவிடக் கூடாது.

கையெழுத்தானதும் எல்லாம் முடிந்தது என்று காட்டாதீர்கள். நர்ஸுக்கு வேலை அப்போதுதான் கூடும். மூளை கட்டுப்பாடு போனதால் பிரஷர் சரியும், சிறுநீர் கட்டுக்கடங்காமல் கொட்டும், உடம்பு குளிரும். பிரஷர் மருந்து, வாசோபிரசின், ஹார்மோன், சூடு காட்டும் போர்வை, மணிக்கொரு முறை சிறுநீர் அளவு. இறந்துவிட்டார் என்று எழுதியவரையே இருபது மணி நேரம் உயிருள்ளவர் போலக் கவனிக்கும் நர்ஸ். டாக்டரைவிட இவளுக்கு அதிகக் காட்சி கொடுங்கள்.

பச்சைவழி

போக்குவரத்து: இதயம் வெளியே எடுத்த பின் 4 மணி நேரம், மிஞ்சினால் 6. கல்லீரல் 8 முதல் 12. சிறுநீரகம் 24க்கு மேலும் தாங்கும். ஸ்கிரிப்டில் இதயம் சேலத்திலிருந்து சென்னைக்கு ஆம்புலன்ஸில் போகிறது. சுமார் 340 கிலோமீட்டர். வழியெல்லாம் சிக்னலை நிறுத்தினாலும் மார்பில் பொருத்தும் நேரத்தையும் சேர்த்தால் கட்டாது. ஒன்று சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை, இல்லையென்றால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. கோயம்புத்தூர் 160 கிலோமீட்டர் சொச்சம், சாலை வழியே கட்டும். யாருக்குப் போகணும் என்று முடிவு செய்வது மாநில ஆணையமான டிரான்ஸ்டான், வரிசைப் பட்டியல்படி. டாக்டர் போனில் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று பேசும் காட்சி வெளியே போகட்டும்.

விபத்து கேஸ். போலீஸ் விசாரணை அறிக்கை வேண்டும், 2024 ஜூலை 1 முதல் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194ஆம் பிரிவு, வசனத்தில் பழைய சட்டத்தின் 174 வேண்டாம். பிரேதப் பரிசோதனை இரவில் நடக்காது என்ற வரியும் பழசு. 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை, வசதியுள்ள இடங்களில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம், உறுப்பு தானத்துக்கு முன்னுரிமை என்று மாற்றிவிட்டது. கொலை, தற்கொலைச் சந்தேகம் போன்றவை விதிவிலக்கு.

கொண்டைஊசி_20

நெஞ்சில் காது வைக்கும் கடைசிக் காட்சி?

பச்சைவழி

கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும். செய்தித்தாளைப் பார்த்துத் தேதியை வைத்து ஊகிப்பவர்கள் உண்டு, அது வேறு. ஆஸ்பத்திரியே ஏற்பாடு செய்து சந்திப்பு என்று எழுதினால் விதி மீறல்.

அம்மாப்பேட்டை_அறிவு

விதியை விடுங்கள், அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்துவிட்டோம். அதற்குப் பதில் இதயம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவே தெரியாமல் போகட்டும். கோயம்புத்தூர் என்று மட்டும் யாரோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர் பஸ்ஸைப் பார்க்கும் போதெல்லாம் அவள் ஒரு நொடி நிற்கிறாள். போதும்.

மனசு_வார்டு

ஸ்கிரிப்டின் ஆலோசகர் பாத்திரம் "மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு" என்று ஐந்து விரல் மடக்குகிறார். கியூப்ளர்-ராஸ் 1969ல் இதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி. இழந்து நிற்பவர்கள் படி ஏறுவது போல இந்த வரிசையில் போவதில்லை. 1999ல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இருவர் சொன்னது உங்கள் கதைக்கு இன்னும் பொருந்தும்: துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருப்பார். காலையில் ஐஸ் பெட்டி வாடகைக்குப் பேரம் பேசுவாள், பத்து நிமிடத்தில் உடைந்து விழுவாள், மறுபடி எழுந்து வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று கேட்பாள். பார்வையாளருக்கு "கல் நெஞ்சு" என்று தோன்றலாம். தோன்றட்டும்.

பதினாறு முடிந்ததும் ஆலோசகர் "இன்னும் அழுகிறீர்களே, இது நோய்" என்கிறார். பெரியவர்களுக்கு நீடித்த துக்க நோய் என்று சொல்ல அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம். 2022 பதிப்பில் குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11ல் 6 மாதம். அதுவும் அன்றாட வாழ்க்கை முடங்கியிருந்தால் மட்டும். இறந்தவரிடம் பேசுவது, அவர் தட்டில் சோறு எடுத்து வைப்பது எல்லாம் நோய்க்குறி கிடையாது. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிற ஊரில் அதைத் தனியாகச் சொல்லவும் வேண்டியதில்லை.

பஞ்சாங்கப்_பக்கம்

சாவு வீட்டுக் காட்சிக்குச் சில திருத்தம்.

உடம்பு பிரேதப் பரிசோதனை, உறுப்பு எடுத்த தையல் இரண்டோடும் வரும். முகம் கெடாது. கருவிழி எடுத்திருந்தாலும் இமை மூடியே இருக்கும். ஆனால் தலைக் கட்டும் நெஞ்சுத் தையலும் இருப்பதால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது கிடையாது, தெளிப்பதோடு சரி. நாடிக்கட்டு, கால் கட்டைவிரல் கட்டு, நெற்றிக்காசு, கோடி, வாய்க்கரிசி எல்லாம் வழக்கம் போல. வாய்க்கரிசியின் போது குழாய் ஒட்டியிருந்த பிளாஸ்டர் தடம் உதட்டோரம் தெரியும். மேக்கப் ஆளிடம் சொல்லுங்கள், ஐசியூவையும் வீட்டையும் சேர்க்கும் ஒரே அடையாளம் அதுதான்.

கொள்ளிக்குடத்தை மகன் இடது தோளில் வைத்து இடப்புறமாக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் கத்தியால் ஒரு பொத்தல் போடுவார். மூன்றாம் சுற்று முடிந்து திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட வேண்டும். ஸ்கிரிப்டில் மகன் உடைந்த குடத்தைத் திரும்பிப் பார்த்து அழுகிறான். கூடாது. திரும்பிப் பார்க்க முடியாமல் போவதுதான் அந்தப் பையனின் நடிப்பு. எரிவாயு மேடை என்றாலும் இது வெளியே நடக்கும், அதன் பிறகே டிராலி உள்ளே போகும்.

விடைபெறும்போது யாரும் "போயிட்டு வரேன்" சொல்ல மாட்டார்கள். உங்கள் ஸ்கிரிப்டில் டாக்டர் பெண் சொல்கிறார். வெளியூர்க்காரி என்று காட்ட வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறில் மொட்டை, படையல், தாய்மாமன் உருமால் கட்டுவது. 14 வயதுப் பையன் தலையில் அந்த உருமால் ஏறும்போது வீட்டுப் பொறுப்பு கைமாறுகிறது. வசனம் எழுதாதீர்கள்.

பச்சைவழி

வீட்டிலிருந்து எடுக்கும் முன் அதிகாரிகள் வந்து மலர் வளையம் வைப்பதைச் சேருங்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் அறிவித்தார். தெரு முழுக்கப் பண்டிகைப் பந்தல், நடுவில் அதிகாரியின் கார் நுழைய இடமில்லை. தானாகவே காட்சி வந்துவிடும்.

பட்டறை_மணி

கொலுசு பற்றி. நாயகன் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு ஜோடிக் கொலுசை முதலிலிருந்து கடைசி வரை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் வேலை பிரிந்து நடக்கும். வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு இடம், கண்ணி பின்னுவது இன்னொரு வீடு, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது ஒருவர், முத்து கட்டுவது பெரும்பாலும் பெண்கள், மெருகு தனி. ஒவ்வொரு கைமாறுதலிலும் எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள், சேதாரம் கழிப்பார்கள். அவர் இறந்ததும் நான்கு வீடுகளில் அவருடைய வெள்ளி அரைகுறையாகக் கிடக்கும். மனைவி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் துக்கம் விசாரிப்பார்கள், பிறகு தராசை எடுப்பார்கள்.

மனசு_வார்டு

மேலே நான் ஊசலாட்டம் என்று சொன்னது இதுதான். ஆலோசகர் பாத்திரத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

ஏற்காடு_மிளகு

காப்பிப் பூ ஆடியில் கிடையாது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்ததும் பூக்கும், சில நாளில் வாடிவிடும். ஆடியில் செடியில் பச்சைக் காய். பழம் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கும். ஆக டாக்டர் கல்லறைத் திருநாளுக்கு வரும்போது கூடைகளில் சிவப்புப் பழம் காட்டலாம்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. முந்தின நாட்களிலேயே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் பெயரைப் புதுப்பிப்பார்கள். அன்று சாமந்தி மாலை, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி. குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக மந்திரிப்பார். மலைக் காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. மண்ணில் ஒரு சாண் குழி தோண்டி உள்ளே நட்டால்தான் எரியும். குழி இல்லாமல் மேடையில் வைத்து எடுத்தீர்கள் என்றால் ஒவ்வொரு டேக்கிலும் அணையும்.

டாக்டர் அங்கே போய் நிற்பது "பழைய நோயாளி" கல்லறையில் என்று போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் சினிமாத்தனம். சொந்தத்தில் யாராவது இருக்கட்டும்.

ஐசியூ_நைட்டூட்டி

ஒப்புக்கொள்கிறேன். டாக்டர்கள் ஆஸ்பத்திரிக்குள் நினைவுகூர வேறு வழி உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஜோனாதன் பார்டெல்ஸ் என்ற செவிலியர் தொடங்கியது: மரணம் அறிவித்ததும் அறையில் இருக்கும் எல்லோரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அப்படியே நிற்பது, பேச்சில்லாமல். தியேட்டரில் உறுப்பு எடுக்கும் முன் இதை வையுங்கள். ஒருவர் பெயரைச் சொல்வார், அவ்வளவுதான். அப்போதும் மானிட்டர் துடிப்பைக் காட்டிக்கொண்டிருக்கும், வென்டிலேட்டர் ஓடும். மகாதமனியில் கிளாம்ப் போட்ட பிறகே மெஷினை நிறுத்துவார்கள்.

ஒலிப்பெட்டி

அப்படியானால் வென்டிலேட்டர் சத்தம் நிற்கும் இடம் இரண்டு. மூச்சுச் சோதனையில் பார்வையாளர் ஒரு தடவை பழகிவிடுவார், மறுபடி ஆரம்பித்துவிடும். தியேட்டரில் ஆரம்பிக்காது. நான் முதலில் ஒரே இடம் என்றேன், இது மேல்.

கொண்டைஊசி_20

மாற்றிய வரிசை: வெள்ளி இரவு 9:10 முதல் சோதனை. ஐசியூ வாசலில் காப்புக் கட்டிய தம்பி. 3:40 இரண்டாவது. காலையில் ஒருங்கிணைப்பாளர், படிவம் 8. பகல் முழுக்க நர்ஸ். சனி இரவு 11:20 தியேட்டர், கிளாம்ப். ஞாயிறு விடியலில் உடம்பு வீட்டுக்கு. பெரியவர் கேள்வி, கோழிக்குஞ்சு வாக்குவாதம், குடம். பதினாறு. எடை நோட்டு. நவம்பர் 2. மறு வருடம் ஆடி அமாவாசைக்கு மேட்டூரில் மகன் எள்ளும் தண்ணீரும்.

டாக்டர் பெரியவருக்கு என்ன பதில் சொல்வது? எழுதியிருப்பது: "சட்டப்படி 3:40 தாத்தா." அதற்கு மேல் வரவில்லை.

பஞ்சாங்கப்_பக்கம்

அவளிடம் மூன்று நேரத்தையும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். 9:10, 3:40, 11:20. அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு போவார். வீட்டில் அவர் 3:40ஐ எடுத்தால் அமாவாசைத் திதி, புனர்பூசம், அறை இரண்டு மாதம் பூட்டு. மேட்டூர்க் காட்சி அப்படியே பொருந்தும். 9:10ஐ எடுத்தால் சதுர்த்தசி, நீங்கள் மேட்டூரை ஒரு நாள் முன்னால் தள்ளணும், அன்று கூட்டமே இருக்காது.

கொண்டைஊசி_20

3:40. பூட்டிய அறைக்குள்தான் எடை நோட்டு இருக்கிறது என்று வைக்கலாமா?

பட்டறை_மணி

வைக்கலாம். ஆனால் வெள்ளி கொடுத்தவர்கள் இரண்டு மாதம் பொறுக்க மாட்டார்கள்.

அம்மாப்பேட்டை_அறிவு

பொறுக்காவிட்டால் யார் பூட்டைத் திறப்பது என்று அடுத்த எபிசோட் எழுதுங்கள். இந்த எபிசோடுக்கு இதுவே 45 நிமிடத்தைத் தாண்டிவிட்டது, உருமாலையோ அதிகாரி காரையோ ஒன்றை வெட்டணும்.

பச்சைவழி

காரை வெட்டுங்கள். மலர் வளையத்தை ஒரு ஷாட்டில் காட்டினால் போதும்.